கையெழுத்து இல்லாத பதில்: வடசென்னையிலிருந்து சில குறிப்புகள்

மாதவரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு ஆயா இருக்கிறார். மகன் தவணையில் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷின் நான்காம் மாதமே சுற்றுவதை நிறுத்திவிட்டது. கடைக்காரர் கம்பெனிக்கு போன் போடச் சொன்னார். கம்பெனி எண்களை அழுத்தச் சொன்னது. தமிழுக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று, பிறகு பாட்டு. ஆயாவுக்காக நான்தான் கடைசியில் எழுத்தில் புகார் அனுப்பினேன். பதில் சில நிமிடங்களிலேயே வந்தது. மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, இனி எல்லாத் தொடர்புக்கும் இந்த எண்ணைக் குறிப்பிடவும். மூன்றாம் நாள், எந்த மனிதனும் வந்து பார்க்காமலேயே, புகார் 'முடித்துவைக்கப்பட்டது' என்று இன்னொரு பதில். படித்துக் காட்டினேன். ஆயா கேட்டது ஒரே கேள்விதான்.

'கீய யாரு பேரு போட்டுக்குது?'

பேர் இல்லை ஆயா, கம்பெனி பேர்தான் இருக்கு என்றேன்.

'அப்போ யாரு இத்த எய்துனது?'

கம்பெனியின் பெயரை இங்கே நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கம்பெனியின் மரியாதைக் குறைவாக இது சுருங்கிவிடும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே கடிதம்தான். ஆயாவின் கேள்வியை ஒரு வரலாற்றுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் முயற்சி. புகாருக்கு வரும் பதிலிலிருந்து கையெழுத்து எப்போது, ஏன் காணாமல் போனது? அதைத் தேட லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டியதில்லை. உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று கடை விரித்த இடத்திலிருந்து வண்டி பிடித்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் தூரத்தில்தான் நாம் வாழ்கிறோம்.

முதலில் பதிலின் மொழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 'பெறப்பட்டது', 'பதிவு செய்யப்பட்டது', 'பரிசீலிக்கப்படும்', நம் அரசு அலுவலகங்களின் அழியாத செல்வமான 'ஆவன செய்யப்படும்'. தமிழில் 'படு' என்ற வினைக்கு ஒரு உடம்பு உண்டு. வேதனைப்படுகிறோம், கஷ்டப்படுகிறோம், பாடுபடுகிறோம். படுகிறவர் எப்போதும் ஒரு ஆள். இந்தக் கடிதங்களில் அந்த உடம்பை உருவி எடுத்துவிட்டார்கள். யாரோ பெற்றார்கள் என்பதில்லை, 'பெறப்பட்டது'. செய்தவனும் இல்லை, பட்டவளும் இல்லை. வினை மட்டும் தனியே மிதக்கிறது.

விளியும் அப்படித்தான். போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கிறவன் அந்தக் கணத்திலேயே ஒரு தன்னிலையாக, சட்டத்துக்கு முன்னால் நிற்பவனாக ஆகிவிடுகிறான் என்று அல்தூஸர் 1970-ல் எழுதினார். 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' என்ற விளிக்கு நாம் திரும்பிப் பார்க்கும்போது என்னவாக ஆகிறோம்? வாங்கியவராக. அதற்கு மேல் எதுவுமில்லை. இதில் ஒரு வேடிக்கை. அந்த மெஷினுக்குத் தவணை பிடிக்கும் நிதி நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் செய்தியில் ஆயாவின் மகனை முழுப்பெயரோடு, இனிஷியலோடு கூப்பிடுகிறது. பணம் கேட்கும்போது நமக்குப் பெயர் இருக்கிறது. நாம் கேட்கும்போது எண்தான்.

*

உலகில் கிடைத்திருக்கிற மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் என்று சொல்லப்படுவது ஒரு களிமண் பலகை. ஏறத்தாழ கி.மு. 1750-ஐச் சேர்ந்தது. ஊர் நகரத்தில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நன்னி என்பவன் ஈயா-நாஸிர் என்ற வியாபாரிக்கு, மட்டமான செம்பைக் கொடுத்தாய், என் ஆளை அவமதித்து அனுப்பினாய் என்று திட்டி எழுதியது. செம்பு கிடைத்ததா என்பது இருக்கட்டும். திட்டுவதற்கு அங்கே ஒரு பெயர் இருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்றொரு இடம். காலடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டணத்து கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை அது. காலெட்பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. கொஞ்சம் தெற்கே வந்தால் வண்ணாரப்பேட்டை. கம்பெனியின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை. இன்றைய வடசென்னையின் வரைபடமே ஒரு விதத்தில் கம்பெனியின் கொள்முதல் வரைபடம்தான்.

கவனிக்க வேண்டியது, கம்பெனி ஏன் நெசவாளர்களைக் கூப்பிட்டுக் குடிவைத்தது என்பது. அவர்கள் போய்விடக்கூடியவர்களாக இருந்தார்கள். 1720க்கும் 1800க்கும் இடைப்பட்ட தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி பிரசன்னன் பார்த்தசாரதி 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. முன்பணம் வாங்கிய நெசவாளி, பிடிக்காவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போகலாம். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரன், தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன், நடுவில் நம்மூர் வணிகர்கள். மிகவும் நெருக்கினால் ஊரோடு தறியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ராஜ்யத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய புகார்க் கடிதம் கால்களால் எழுதப்பட்டது. அதற்கு 'பெறப்பட்டது' என்று பதில் போட முடியாது. பின்னாலேயே ஆள் ஓட வேண்டும், சமாதானம் பேச வேண்டும்.

கம்பெனி தன் கையில் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிறகு இந்த வழி அடைபட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நெசவாளி போக வேறு ராஜ்யம் இல்லை, வேறு வாங்குபவன் இல்லை. வாங்குபவனும் அரசனும் ஒரே ஆள். இங்கிருந்துதான் மனு பெருகத் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய புத்தகத்தில், ஒரு நிறுவனம் கெட்டுப்போகும்போது மக்கள் செய்யக்கூடியவற்றை வெளியேறுதல், குரல் கொடுத்தல் என்று பிரிக்கிறார். வெளியேற முடிந்தவர்களின் குரலுக்குத்தான் மதிப்பு என்று நான் வாதிடுவதாகத் தோன்றலாம். ஹிர்ஷ்மனே அதற்கு இடைஞ்சலாக ஒரு உதாரணம் வைத்திருக்கிறார். நைஜீரியாவில் ரயிலில் சரக்கு அனுப்பிச் சலித்தவர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள். சத்தம் போடக்கூடியவர்கள் எல்லாம் போய்விட்டதால் ரயில்வே இன்னும் மோசமானது. ஆக, போக முடிவதும் குரலைத் தின்னும். நெசவாளர்களின் விஷயத்தில் வித்தியாசம், அவர்கள் தனித்தனியாகப் போகவில்லை, கூட்டமாகப் போனார்கள்.

அந்தக் காலத்தில் கம்பெனிக்குள்ளேயே கடிதப் பழக்கம் எப்படி இருந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். லண்டன் இயக்குநர்கள் சென்னைக் கவுன்சிலுக்கு எழுதிய கடிதங்கள், கண்டபடி திட்டிவிட்டு, 'உங்கள் அன்பு நண்பர்கள்' என்று முடியும். கீழே ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கம்பெனிக்குத் தனக்குள் கையெழுத்து இருந்தது. ரயத்துக்கும் நெசவாளிக்கும் திரும்பி வந்ததோ மனுவின் முதுகில் எழுதப்பட்ட ஒரு வரி உத்தரவு. 'மனுதாரர் கலெக்டரை அணுகவும்' என்ற ரகம். பவானி ராமன் 2012-ல் எழுதிய நூல், சென்னை மாகாணத்தில் இந்தக் காகித ஆட்சி கச்சேரிகளில் எப்படி உருவானது என்பதைச் சொல்கிறது. எழுதத் தெரிந்தவன், முத்திரைத்தாள், குறிப்பிட்ட வாசகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் துன்பம் ஒரு மனுவாகும். ஆயாவுக்காக நான் எழுதியதும் அதே வேலைதான். கணினி வைத்திருக்கும் மனு எழுத்தர்.

அந்தக் காகித ஆட்சி எங்கே போய் நின்றது என்பதற்கு 1855-ஆம் ஆண்டு சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையே சாட்சி. நிலவரி வசூலுக்காக மக்களைக் கட்டிவைத்து அடிப்பது, வெயிலில் குனியவைத்து நிறுத்துவது போன்றவற்றை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் அமர்த்தப்பட்டார்கள். குறுகிய காலத்துக்குள் 1,959 புகார்கள் வந்தன. அவற்றில் 519 பேர் நேரிலேயே வந்தார்கள். எத்தனையோ நாள் நடந்து சென்னைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் என்னை அதிகம் உலுக்குவது அடி உதை அல்ல. கலெக்டரிடம் புகார் கொடுத்தால் அது விசாரணைக்காகத் தாசில்தாருக்கே திரும்பிப் போகும் என்பது. அடித்தது அந்தத் தாசில்தாரின் ஆட்கள்தான். மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இந்த அறிக்கையை எடுத்து வைத்து எழுதியபோது, நியாயம் கிடைப்பதில் இருந்த இந்தச் சிரமத்தையும் தொட்டுக் காட்டினார். 'உங்கள் புகார் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்தின் மூதாதை இங்கே இருக்கிறது.

மன்னனுக்கு ஏழைகள் எழுதிய மனுக்களை ஆர்லெட் ஃபார்ஜோடு சேர்ந்து ஃபூக்கோ 1982-ல் வெளியிட்டார். அதிகாரத்தோடு உரசிய ஒரு கணத்தால் மட்டுமே இந்த மனிதர்கள் வரலாற்றில் மிஞ்சியிருக்கிறார்கள் என்பது அவருடைய ஈடுபாடு. சரிதான். ஆனால் நம் பக்கத்தில், மிஞ்சியது மனு அல்ல, அதன் பதிவு எண்.

மனுநீதிச் சோழன் கதையை இங்கே ஞாபகப்படுத்துவார்கள். மாடு வந்து மணியை ஆட்டியதும் ராஜா தானே எழுந்து வாசலுக்கு வந்தான். ஹைகோர்ட் வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது, அரசாங்கம் 'மனுநீதி நாள்' என்று மனு வாங்கியிருக்கிறது. அரசனின் பெயரில் ஒளிந்திருக்கும் இன்னொரு மனுவைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது கதையின் ஒரு சின்ன விஷயம் மட்டும். மணி அடித்தது, ஆள் வெளியே வந்தது.

*

ஆள் வெளியே வராமலிருப்பதற்குச் சட்டம் ஒரு தத்துவமே கட்டிக் கொடுத்திருக்கிறது. 1612-ல் இங்கிலாந்தில் சட்டன் மருத்துவமனை வழக்கில் எட்வர்ட் கோக், கார்ப்பரேஷன் ராஜத்துரோகம் செய்ய முடியாது, அதை மதவிலக்கம் செய்ய முடியாது, ஏனென்றால் அதற்கு ஆன்மா கிடையாது என்றார். 1896-ல் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை இன்னும் ஒரு படி போனது. கம்பெனி வேறு, அதை நடத்தும் ஆள் வேறு. பங்கு முழுக்க அவனிடமும் அவன் குடும்பத்திடமும் இருந்தாலும், அதன் கடன் அவன் கடன் அல்ல. போபாலில் 1984-க்குப் பிறகு யூனியன் கார்பைடு அமெரிக்க நீதிமன்றத்தில் சொன்னதும் இதன் நீட்சிதான். ஆலையை நடத்தியது இந்தியக் கம்பெனி, நாங்கள் அல்ல. 1986-ல் அந்த வழக்கு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

இந்த ஆன்மா இல்லாத ஆளை, பெயர் சொல்லிப் பதில் பேச வைக்க நடந்த முயற்சி நம் பெரம்பூரில் நடந்தது. மாதவரத்திலிருந்து பக்கம். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள், அதாவது பின்னி மில். சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறான் என்ற தொழிலாளர்களின் முறையீடுகள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இருவரின் கடையில் பேசப்பட்டு, பி.பி.வாடியாவிடம் போய், 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கமாயின. திரு.வி.க.வும் உடனிருந்தார். சங்கம் என்றதும் நமக்குக் கூலி உயர்வு ஞாபகம் வரும். அதற்கு முன்னால் அது கேட்டது வேறொன்று. எங்கள் புகாரை எங்கள் சார்பில் இவர் சொல்லுவார், உங்கள் சார்பில் ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அங்கீகாரம் என்று அதற்குப் பெயர். நிர்வாகத்துக்குச் சகிக்க முடியாமல் போனது அதுதான். தொழிலாளியை எப்போது வேண்டுமானாலும் பார்ப்போம், வெளியாளை ஏற்க மாட்டோம் என்ற நிலை. விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போய், வாடியாவும் மற்றவர்களும் நஷ்டஈட்டு வழக்கையும் தடையுத்தரவையும் சந்தித்தார்கள். 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு இந்த வழக்கு ஒரு தூண்டுதல்.

1921-ன் நீண்ட வேலைநிறுத்தத்தை வெறும் வீரகாவியமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பியதும், புளியந்தோப்பு எரிந்ததும், துப்பாக்கிச் சூடும் அதில் உண்டு. ஒருவர் எல்லோருக்குமாகப் பேசுகிறார் என்னும்போது, யாருடைய புகார் அந்தக் குரலுக்குள் காணாமல் போகிறது என்ற கேள்வியை அந்த ஆண்டு விட்டுச் சென்றது. மில் 1996-ல் மூடப்பட்டது. கேள்வி மூடப்படவில்லை.

*

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-ன் புதிய சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. இந்தச் சட்டத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வக்கீல் இல்லாமலேயே போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையான மதிப்புக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் உள்ளே போக ஒரு வாசல் இருக்கிறது. நீ காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். 1995-ல் மருத்துவர்களை இச்சட்டத்துக்குள் கொண்டுவந்த வி.பி.சாந்தா வழக்கின் தீர்ப்பில், எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையின் நோயாளி நுகர்வோர் ஆக மாட்டார் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்குப்படி, வடசென்னையே நம்பியிருக்கும் ஸ்டான்லியின் இலவச வார்டில் படுத்திருப்பவருக்கு இந்த வாசல் இல்லை. அவர் வாடிக்கையாளர் அல்ல, மனுதாரர்.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. கம்பெனியிடம் எதையும் வாங்காதவர்கள், அதன் புகையையும் கழிவையும் மட்டும் பெற்றுக்கொள்கிறவர்கள். மணலியிலிருந்து எண்ணூர் வரை இருப்பவர்கள் இந்த வகை.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் முதன்முதலாகக் கம்பெனியாகவே அமைக்கப்பட்டது இந்தத் துறைமுகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வோம். சுற்றுச்சூழலுக்குச் சேதம் எதுவும் இல்லை, எண்ணெய் மாசு இல்லை என்று அதன் அறிக்கை வந்தது. அடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரையில் பாறைகளுக்கு நடுவே தேங்கிய கறுப்புச் சேற்றை ஜனங்கள் பக்கெட்டில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை, வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும். மணலி சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்கள் எதிலும் கசிவு இல்லை என்று சி.பி.சி.எல். விளக்கம் அளித்தது. இந்த வாக்கியத்தை ரசித்துப் படிக்க வேண்டும். குழாயில் கசிவு இல்லை. கேட்டது குழாயைப் பற்றியா? ஆற்றில் எப்படி வந்தது என்றுதானே கேட்டோம்? நிலையத்துக்குள்ளிருந்து வெளியேறிய வெள்ளநீரில் எண்ணெய் போனதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு பிறகு சொன்னது.

அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கரையருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கடலடி அமோனியாக் குழாயில் கசிவு. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் எரிச்சல், மூச்சுத் திணறல், மயக்கம் என்று பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். நிறுவனத்தின் அறிக்கை, வழக்கமான பணியின்போது குழாயில் ஒரு 'இயல்பு மாற்றம்' கவனிக்கப்பட்டது என்றும், நிலையான செயல்முறை உடனே இயக்கப்பட்டது என்றும், உள்ளூர்ச் சமூகத்தில் சிலர் 'அசௌகரியம்' தெரிவித்தார்கள் என்றும் சொன்னது.

அசௌகரியம்! ஆயாவின் மெஷினுக்கு வந்த அதே சொல். துணி துவைக்க முடியாததும் மூச்சு விட முடியாததும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அதிலும் அவர்களுக்கு அசௌகரியம் 'ஏற்படவில்லை', அவர்கள் அதைத் 'தெரிவித்தார்கள்'. நடந்தது வாயுக் கசிவு அல்ல, ஒரு கருத்துச் சொல்லல். குழாயின் நிலை மட்டும் கவனமாகக் 'கவனிக்கப்படுகிறது'. அந்தக் குப்பங்கள் பிறகு வாரக்கணக்கில் ஆலைக்கு எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்தன. அமைச்சர், அதிகாரி, கட்சிக்காரர் என்று பெயருள்ள ஆட்கள் அதற்குப் பிறகுதான் எதிரில் வந்து நின்றார்கள்.

இன்று பதில் எழுத மனிதனே தேவையில்லை என்றாகிவிட்டது. கனடாவில், பாட்டியின் சாவுக்குப் போன ஒருவருக்கு ஏர் கனடாவின் அரட்டை இயந்திரம் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் கொடுத்தது. வழக்கு வந்தபோது, அந்த இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற மாதிரி வாதம் வைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 1896-ல் கம்பெனி தன் முதலாளியிடமிருந்து பிரிந்தது. இப்போது தன் வாயிலிருந்தே பிரியப் பார்க்கிறது.

*

ஆயாவின் கதையை முடித்துவிடுகிறேன். நான்காவது தடவையும் புகார் 'முடித்துவைக்கப்பட்ட' பிறகு, ஆயா என்னிடம் சொல்லாமலேயே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய், புது மெஷின்கள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் 'இத்த வாங்காத கண்ணு, சுத்தாது' என்று சொல்லியிருக்கிறார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு மணி நேரத்தில் கடைக்காரர் ஏரியா மேனேஜரை, அவருக்கு உண்மையிலேயே ஒரு பெயர் இருந்தது, போனில் பிடித்தார். திங்கட்கிழமை மெக்கானிக் வந்துவிட்டான்.

இருபத்தைந்து வயதிருக்கும். கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட். பெல்ட் போயிருந்தது, மாற்ற அரை மணி. டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். இரண்டு மாதமாகப் பெட்ரோல் காசு வரவில்லையாம். யாரிடம் கேட்டாய் என்றேன். 'ஆப்லதாண்ணா போடணும். போட்டேன். நம்பர் குடுத்துக்குது.'

கிளம்பும்போது ஆயாவின் மகன் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சேவை எப்படி, ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை. பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: 'அஞ்சு குடுத்துருங்க ஆயா. கொறஞ்சா எனக்குத்தான் புடிப்பாங்கோ.'

நாலு தடவை பொய்ச் சொன்ன கம்பெனிக்கு அஞ்சா என்று ஆயா என்னைப் பார்த்தார். பையனையும் பார்த்தார். அப்புறம் போனை என்னிடம் நீட்டி, அழுத்தச் சொன்னார்.